ரயில் நிலையத்தில் மூன்றாவது கடை

எங்கள் ஊர் ஆலடியேந்தலில் முத்துக்கனி அக்கா கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரம் வேய்ந்த ஓர் அறை, முன்னால் ஒரு சாய்ப்பு, சாய்ப்பில் தொங்கும் வாழைத்தார். தூத்துக்குடி - திருநெல்வேலி நாற்கரச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் முனையில் அது இருக்கிறது. அங்கே நின்றால் விமான நிலையத்தின் மதில்சுவர் தெரியும். விமானம் இறங்கும் நேரத்தில் தகரம் அதிரும். எலெக்ட்ரானிக் தராசில் எண்கள் ஓடும். அவை நிற்கும்வரை அக்கா காத்திருந்துதான் பொட்டலம் கட்டுவாள். அவசரப்படுகிறவர்களிடம், "பிளேனு மேல உள்ளவனுக்குத்தான் அவசரம். உமக்கு என்ன?" என்பாள்.

அக்கா பிறந்தது சாத்தான்குளம் பக்கம். அப்பா, சித்தப்பாமார் எல்லோருமே சென்னையிலும் மும்பையிலும் பலசரக்குக் கடை வைத்தவர்கள். பத்தாவது முடித்த கையோடு எங்கள் ஊர் சொரிமுத்து அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை ஏற்றும் லோடு வேன் ஓட்டுகிறார். அக்கா வந்த காலத்தில் விமான நிலையம் என்பது ஒரு சின்னக் கட்டடம்; இறங்கியவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். வெற்றிலை, பீடி, முறுக்கு என்று சாலையோரப் புறம்போக்கில் தொடங்கினாள். புதிய முனையம் கட்ட ஆட்கள் வந்தபோது கடையும் வளர்ந்தது. பீகார் ஆட்களுக்குக் கடுகெண்ணெய், ஒடிசாக்காரர்களுக்கு வெல்லம் போட்ட பொரி, பெட்டி தூக்கும் பையன்களுக்கு முட்டை, துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்குத் தலைக்குப் பூ. யாருக்கு என்ன வேண்டும் என்பது அவர்கள் வாய் திறக்குமுன் அவள் கைக்குத் தெரியும்.

ஒரு பழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். சரக்கு தீர்ந்துவிட்டால் 'வருது', 'சாயந்தரம் பாருங்க', 'வண்டி வந்துட்டு இருக்கு' என்பார்கள். அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிட்டு' என்பார்கள். கடைக்குள் 'இல்லை' என்ற சொல் விழுந்தால் அது அங்கேயே தங்கிவிடும் என்று எண்ணம். இப்போது நிறையப் பேர் இதைப் பார்ப்பதில்லை. முத்துக்கனி அக்கா பார்ப்பாள். முதல் போணி ஆகும் முன்பு என்றால் இன்னும் கறார். நான் பட்டம் வாங்கி, துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், காலையில் அங்கே போய் "பிளேடு இல்லையாக்கா?" என்று கேட்டால் முறைப்பாள். "இருக்கான்னு கேளுல, படிச்சவனே."

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மணியாச்சி - தூத்துக்குடி பாதையிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு கிளைப் பாதை போடப்போவதாகச் செய்தி வந்தது. ஊர் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பொது - தனியார் பங்களிப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நிதிப் பற்றாக்குறை, சலுகைக் காலம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நேராக மேடையிடமே கேட்டாள்.

"சார், நெலம் யாருது?"

"அரசு நிலம்மா. கொஞ்சம் கையகப்படுத்துவோம்."

"தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் யாரு செலவு?"

"பெரும்பகுதி கம்பெனி. ஒரு பங்கு அரசு."

"வசூலு?"

"முப்பது வருஷம் கம்பெனி எடுத்துக்கும். அப்புறம் எல்லாத்தையும் அரசுகிட்ட ஒப்படைச்சிரும்."

"அப்போ பனையைப் பாட்டத்துக்கு விடுத மாதிரிதான்" என்று அக்கா உட்கார்ந்துகொண்டாள். "பாட்டக்காரன் பதனி எறக்கிக்கிடுவான். பனை நம்ம பனை."

எதிர்க் கடைக்காரர், டீக்கடைத் தங்கப்பாண்டி அண்ணாச்சி, பின்னால் இருந்து குரல் கொடுத்தார். "முப்பது வருசம் கழிச்சும் பனை நிக்கணும்லா, கனி!"

கூட்டமே சிரித்தது, மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று கிடைத்த முக்கியமான செய்தி வேறு. பாதை எங்கள் முனையைத் தொட்டுத்தான் போகிறது. சாலையோரத்தில் இருந்த மூன்று கடைகளும் போகும்: அக்காவின் பலசரக்கு, அண்ணாச்சியின் டீக்கடை, இன்னொருவரின் பஞ்சர் கடை. அந்தக் கடையை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்குப் புதிய நிலையத்துக்குள் ஒரு கடை ஒதுக்குவார்கள். வேறு எங்காவது கடை வைத்திருந்தால் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அக்கா அன்று இரவே சொரிமுத்து அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம். "எனக்கு ரூவா வேண்டாம். கடைதான் வேணும்."

சில வாரங்கள் கழித்துக் கணக்கெடுக்க ஆள் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், கையில் டேப்லெட். அவள் வந்த நேரம் காலை. அக்கா அப்போதுதான் வாசல் தெளித்து, சாம்பிராணி போட்டு, முதல் போணிக்காக உட்கார்ந்திருக்கிறாள். நான் அங்கே இல்லை. எதிரே பாய்லரைப் பற்றவைத்துக்கொண்டிருந்த தங்கப்பாண்டி அண்ணாச்சி பார்த்துச் சொன்னது இது.

"வணக்கம்க்கா, சர்வேக்கு வந்திருக்கேன். இந்தக் கடை உங்களதுதானுங்களா?"

"ஆமாம்மா. உக்காரு. தண்ணி குடிக்கியா?"

"பரவால்லைங்க. இது தவிர வேற கடை ஏதாச்சும் இருக்குங்களா?"

அக்கா கையில் சாம்பிராணிக் கரண்டி. போணி ஆகவில்லை. எதிரே நிற்பது யார், எதற்குக் கேட்கிறாள் என்பதெல்லாம் மனசுக்கு எட்டுமுன் வாய் தன் பழக்கத்தில் போய்விட்டது.

"இருக்கும்மா, இருக்கும். சாமி குடுக்கும்."

அந்தப் பெண் டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். அக்காவின் குரலும் அதில் பதிவாகியிருந்தது. பிறகு இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, அன்றைய போணியையும் செய்துவிட்டுப் போனாள்.

பயனாளிகள் பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டினார்கள். டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நிலையத்தில் இடம். முத்துக்கனி, கணவர் பெயர் சொரிமுத்து: 'வேறு கடை உள்ளவர்.'

தங்கப்பாண்டி அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு நேரே அக்கா கடைக்கு வந்தார். "என்ன கனி, டவுன்ல கடை வச்சிருக்கியாம்லா? திறப்பு விழாவுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லலயே. நாங்க என்ன மொய் எழுதாமலா போயிருவோம்?"

அக்கா சிரிக்கவில்லை. அண்ணாச்சிக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சொரிமுத்து அண்ணன் வேனை நிறுத்திவிட்டு வந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஏளா, ஒரு வார்த்த இல்லன்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"நீங்க எலுமிச்சம்பழம் கட்டாம ஒரு நாளு வண்டிய எடுத்திருக்கீங்களா?"

"அது வேற."

"எப்படி வேற?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

மனு எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். வட்டார வணிக மரபு, வாய்மொழி வழக்காறு, இயற்கை நீதி என்று மூன்று பக்கம். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் ஏஜென்சியில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்காவைத் தூத்துக்குடியில் உள்ள திட்ட அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரே கட்டடம், இரண்டு அறைகள். ஒன்றில் அரசுத் தரப்பு அதிகாரி தாணுலிங்கம், நாகர்கோவில்காரர். மற்றதில் கம்பெனித் தரப்பு மேலாளர் மகாராஜன். பெயர்தான் நம் பக்கத்துப் பெயர். வளர்ந்தது எல்லாம் மும்பையில்.

தாணுலிங்கம் சார் முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாவதைப் புரட்டினார், மூன்றாவதின் அடியைப் பார்த்தார். "தம்பி, நல்ல தமிழ். ஆனா அந்த அம்மா கையெழுத்துப் போட இடமே விடலையே?"

நான் மனுவைத் திருப்பி வாங்கி ஓரத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

"எனக்கு விஷயம் புரியுது" என்றார் அவர். "எங்க மாமாவுக்கும் கடைதான். வீட்டுலகூட அந்தச் சொல்லச் சொல்லமாட்டாரு. ஆனா இது கூட்டுத் திட்டம். பட்டியல்ல ஒரு புள்ளிய மாத்தணும்னாலும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் போடுதேன். அந்த ரூம்ல அவரையும் போடச் சொல்லுங்க."

அடுத்த அறையில் மகாராஜன் பதிவைப் போட்டுக் காட்டினார். அக்காவின் குரல் அந்தக் குளிர்சாதன அறையில் கேட்டது. 'இருக்கும்மா, இருக்கும்.'

"இது உங்க வாய்ஸ்தானே?"

"என் குரலுதான் சார். ஆனா எனக்கு வேற கடை இல்ல. டவுன்ல இல்ல, ஊருல இல்ல, எங்கயுமே இல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே கிடையாது. மடமடவென்று நான்கு 'இல்லை'யைக் கொட்டிவிட்டு அக்கா சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள்.

மகாராஜன் கெட்டவர் இல்லை. குழம்பிப்போயிருந்தார். "இங்க இல்லன்னு சொல்றீங்க. அங்க இருக்குன்னு சொன்னீங்க. நான் எதை நம்பறது? ஸ்டேஷன் கடை கிடைக்குதுன்னு தெரிஞ்ச பிறகு மாத்திச் சொல்ற ஆட்களும் வர்றாங்க. போன வாரம் ஒருத்தர் ரெண்டு மாடிக் கடையை வச்சிக்கிட்டு இல்லன்னு சத்தியம் பண்ணினார்."

"கடைக்குள்ள வச்சி எப்படி சார் சொல்லுவாவ?"

"விதி அப்படித்தாங்க. பதில் கடையிலேயே பதிவாகணும். செவ்வாய்க்கிழமை நானே வர்றேன். அதே கேள்வியைக் கேட்பேன். நீங்க சொல்றதுதான் கடைசி."

திரும்பும் பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஒரே ஒரு தடவை சொல்லிருங்கக்கா, சாமி ஒண்ணும் நினைக்காது" என்றேன்.

"சாமி நினைக்காதுல. எனக்குல்ல தெரியும்" என்றாள்.

செவ்வாய் வரை ஊரே அவளுக்குப் புத்தி சொன்னது. சொரிமுத்து அண்ணன் கெஞ்சினார். பஞ்சர் கடைக்காரர், கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு வாசலில் நின்று சொன்னால் தோஷமில்லை என்றார். அதற்கு அக்கா, "வேல நாள்ல கடையப் பூட்டவா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். மற்றபடி வழக்கம்போல எடை போட்டாள், பொட்டலம் கட்டினாள். திங்கள் மாலை மட்டும் கடையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அலமாரித் தட்டுகளில் பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுக் காகிதம் விரித்தாள். இடிக்கப்போகிற கடைக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மகாராஜன் சொன்னபடி வந்தார். வெயில் ஏறியிருந்தது. காரிலிருந்து இறங்கி, அலுவலகத் தோரணை எதுவும் இல்லாமல் கடை முன்னால் வந்து நின்றார். நான் வாழைத்தாருக்குப் பக்கத்தில் நின்றேன். எதிரே தங்கப்பாண்டி அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஜில்லுனு மோர் இருக்கா?"

"உக்காருங்க சார். பத்து நிமிசத்துல வீட்டுல இருந்து வந்துரும்."

"சுகர் ஃப்ரீ பிஸ்கட்?"

"வியாழக்கிழமை வண்டில வருது."

மகாராஜன் முகத்தில் லேசாக ஏதோ ஓடியது. அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். "லேப்டாப் சார்ஜர்?"

"எந்தக் கம்பெனின்னு சொல்லிட்டுப் போங்க. தூத்துக்குடில இருந்து எடுத்து வைக்கச் சொல்லுதேன்."

"குளிருக்குப் போடுற ஸ்வெட்டர்?"

எங்கள் ஊரில், அந்த வெயிலில். அக்காவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "கார்த்திகைக்குப் போட்டுருவோம் சார்."

எதிரே இருந்து அண்ணாச்சியால் பொறுக்க முடியவில்லை. "சாரே, ஆனை இருக்கான்னு கேளுங்க!"

மகாராஜன் அதையும் கேட்டார். "யானை இருக்காம்மா?"

"சொல்லி வைக்கேன் சார். முன்பணம் வேண்டாம். ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். சொரிமுத்து அண்ணன் வேனில் சாய்ந்து நின்றவர் சிரிக்கவில்லை. அவர் கண் அந்த டேப்லெட்டிலேயே இருந்தது. சிரித்து முடித்ததும் மகாராஜன் அதை எடுத்தார். பதிவுப் பொத்தானை அழுத்தினார். குரல் அலுவலகக் குரலாகிவிட்டது.

"முத்துக்கனி அம்மா, இது தவிர உங்களுக்கு வேற கடை இருக்கா?"

அக்கா கல்லாவின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். ஒரு விமானம் தாழ்ந்து வந்தது, தகரம் அதிர்ந்தது. தராசில் எண்கள் ஓடி ஓடி நின்றன. அவள் அதுவரை காத்திருந்தாள்.

"இந்தக் கடை இருக்கு, சார்."

"அது தெரியும். வேற?"

"இந்தக் கடைதான் சார் இருக்கு. எம் புருசன் வேன் ஒண்ணு இருக்கு, அது பேங்குக்காரன்து. காலேஜ்ல படிக்க எம் மவ ஒருத்தி இருக்கா. அவ பீஸு இந்தக் கடைல இருக்கு. வீட்டு அடுப்பு இந்தக் கடைல இருக்கு. இது ஒண்ணு இருக்கு."

"ஆமாவா, இல்லையா? இதுல ரெண்டே கட்டம்தான் இருக்கு."

"நான் சொல்லிட்டேன் சார்."

மகாராஜன் டேப்லெட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார்; நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. என்னிடம் இருந்த சொற்களை எல்லாம் அந்த மூன்று பக்க மனுவிலேயே செலவழித்திருந்தேன். கடைசியில் அவரே 'இல்லை' கட்டத்தில் விரலை வைத்தார். "யானைக்கு ஆர்டர் எடுக்கிற கடையில இதைவிடத் தெளிவா யாராலும் சொல்ல முடியாது" என்றார். மோர் வந்தது. இரண்டு தம்ளர் குடித்தார்.

அன்றே காரியம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். திருத்திய பட்டியல் வர ஆறேழு மாதம் ஆயிற்று. இரண்டு கையெழுத்தும் இருந்தன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நிலைய முகப்பில் ஒதுக்கியிருந்த மூன்றாவது கடையைக் கம்பெனி ஓர் ஐஸ்கிரீம் நிறுவனத்துக்கு விட்டிருந்தது. அக்காவுக்கு மிச்சம் இருந்தது கீழே, ஊர்ப்பக்க வாசலில், மாடிப்படியை ஒட்டி ஒரு சின்ன இடம். விமானப் பயணிகள் அந்தப் பக்கம் வரவே மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மறுபடியும் மனு எழுதுகிறேன் என்றேன். இந்தத் தடவை ஒரே பக்கம். அக்கா, முதலில் இடத்தைப் பார்ப்போம் என்றாள்.

போனோம். பூசாத செங்கல் சுவர், கம்பி, சிமெண்ட் மூட்டை. அக்கா இரு கைகளையும் விரித்து அகலத்தை அளந்தாள். ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். தண்டவாளம் போடுகிற ஆட்கள் படியில் இறங்கிப் போனார்கள். விமான நிலையத்தில் துப்புரவு முடித்த பெண்கள் குறுக்கு வழியாக வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "யக்கா, இங்கனயா வாரீங்க? எப்போ?" என்று கேட்டாள்.

"இது போதும்ல" என்றாள் அக்கா.

"போதாதுக்கா. முகப்புன்னா பெரிய ஆட்கள் வருவாங்க. ஒரு தண்ணி பாட்டிலுக்கே..."

"வருவாவ. ஒரு பாட்டிலு வாங்கிட்டுப் பிளேன்ல ஏறிப் போயிருவாவ. மறுபடி எப்போ வருவாவளோ. இவளுவ நாளைக்கும் வருவாளுவ."

"விட்டுக்கொடுத்திட்டீங்கன்னு நினைப்பாங்க."

"யாரு? மகாராஜனா? அவரு நினைச்சிட்டுப் போறாரு."

அவள் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரியும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. முகப்புக் கடைகளின் திறப்புக்குப் பெரிய ஆட்களை அழைக்கப்போகிறார்களாம். தங்கப்பாண்டி அண்ணாச்சி இப்போதே புதுச் சட்டை தைத்துவிட்டார்; கீழ் வாசலுக்கு வரும்போதெல்லாம், "என்ன கனி, படிக்குக் கீழ குடித்தனமா?" என்று கேட்டுவிட்டு ஒரு வெற்றிலை வாங்கிப் போகிறார்.

போன மாதம் பழைய கடையைப் பிரித்தார்கள். பொக்லைன் வரும் முன்பே அக்கா தகரத்தைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அன்று காலையே சொரிமுத்து அண்ணன் உப்பு ஏற்றும் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நிலையத்தின் கீழ் வாசலுக்கு வந்தார். நானும் தோள் கொடுத்தேன். உள்ளே அக்கா ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படியில் இரண்டு தொழிலாளர்கள் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏளா, அரிசி மூடைய எங்கன எறக்க?"

"மேக்க ஒதுக்குங்க" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "கெழக்க ஆளு நிக்கணும்லா."